இரண்டு நாடா

மூச்சு நின்றால் நாற்பது வரை எண்ணுவது. நாற்பதிலும் வரவில்லையென்றால் தோளில் தட்டுவது. பத்தொன்பது வருஷமாக ஸ்வர்ணலதாவுக்கு ராத்திரி வேலை இதுதான். தட்டினால் தனசேகரன் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவனைப் போல ஓர் இழுப்பு இழுப்பான், புரண்டு படுப்பான், குறட்டை மறுபடி தொடங்கும். காலையில் கேட்டால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

"நான் நல்லாத்தான் தூங்கினேன். நீதான் தூங்கல போல, கண்ணு ரெண்டும் செவந்துகீது" என்பான். பத்து மணிக்குத் தறியில் உட்கார்ந்தபடியே கண் செருகி நெற்றியைப் பலகையில் இடித்துக்கொள்வான்.

ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் அண்ணன் தம்பி இருவர் வீடும் ஒரே வீடாக இருந்து, நடுவில் சுவர் எழுப்பி இரண்டானது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தனகோடி. அவருக்கும் இதே வியாதி, இன்னும் மோசமாக. அவருடைய மனைவி கிருஷ்ணம்மாள் இருந்தவரை அவள் தட்டினாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது தட்ட ஆளில்லை. மூன்று வேளையும் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்குத் தன் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

தை மாதம், நெசவாளர் சங்கக் கட்டடத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாம் போட்டார்கள். கண் முகாம் வரும், சர்க்கரை முகாம் வரும். குறட்டைக்கு முகாம் என்பதைத் தெருவே கேட்டுச் சிரித்தது. "அங்க போயி தூங்கிக் காட்டணுமாம், யாரு ஜோரா தூங்கறாங்களோ அவங்களுக்கு கப்பு" என்றார்கள். அண்ணன் தம்பி இருவரும் போனார்கள். விரலில் ஒரு கவ்வி, மார்பில் ஒரு பெல்ட், மூக்கில் ஒரு குழாய் மாட்டி ஒரு ராத்திரி வீட்டிலேயே தூங்கவைத்துப் பதிவு எடுத்தார்கள். தம்பிக்கு மூச்சு நின்ற அதிகபட்ச நேரம் ஐம்பத்திரண்டு விநாடி. அண்ணனுக்கு எண்பத்து நாலு.

முகமூடி போட்டுக் காற்றடிக்கும் இயந்திரம்தான் இதற்கு வைத்தியம் என்று டாக்டர் சொன்னார். இருவரும் போட்டுப் பார்த்தார்கள். தனசேகரன் ஒரு மணி நேரம் தாங்கினான். தனகோடி மாட்டிய வேகத்தில் பிடுங்கி எறிந்துவிட்டு, "உசுரோட மூட்டை கட்டறா மாதிரி கீது" என்றார். அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் இன்னொரு வழி இருக்கிறது என்று கனிமொழி வந்தாள்.

கனிமொழிக்குச் சொந்த ஊர் படவேடு. ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. கண்ணமங்கலம் வழியாக வரும் பஸ்ஸில் இறங்கி, தோளில் ஒரு கறுப்புப் பையோடு வெயிலில் நடந்து வந்து, இவர்கள் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

"தூங்கும்போது நாக்கும் தொண்டையும் தளர்ந்து பின்னால விழுந்து மூச்சு வழிய அடைச்சிக்குதுங்கண்ணா. இந்த மாத்திரை அத்த தளர விடாம பிடிச்சிக்கும்னு நினைக்கறாங்க. நிஜமாவே பிடிச்சிக்குதான்னு பாக்கறதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. பார்க்க ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

"எனக்கு எது?" என்றான் தனசேகரன்.

"எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட சீட்டு. ஒண்ணு மட்டும், மருந்தா இருந்தா வாய் ரொம்பக் காயலாம்."

படிவத்தில் ஒரு வரியை அவள் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். மாத்திரைகளைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளக் கூடாது. இருவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பியின் டப்பாவுக்கு நம்பர் 41. அண்ணனின் டப்பாவுக்கு 42.

முதல் இரண்டு ராத்திரி ஒரு மாற்றமும் இல்லை. ஸ்வர்ணலதா எண்ணினாள், தட்டினாள். மூன்றாம் ராத்திரி அவள் எண்ணத் தொடங்கவே இல்லை. எண்ண ஒன்றும் இருக்கவில்லை. தனசேகரன் மல்லாந்து படுத்திருந்தான். வாய் மூடியிருந்தது. காற்று வந்து போகிற சத்தம்கூட இல்லை. பயந்துபோய்ப் புறங்கையை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். சூடாகக் காற்று பட்டது. கையை எடுத்தாள். மறுபடி சந்தேகம் வந்தது, மறுபடி வைத்தாள். விடியும்வரை இதையே செய்தாள்.

காலையில் அவன் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிகினு வரமாட்டேங்குது" என்று சிரித்தான். அன்று தறியில் தூங்கவில்லை. மத்தியானம் வரை நெய்தான். சாப்பிடும்போது அவளைப் பார்த்து, "இன்னா லதா, ஊரே புதுசா கீது" என்றான். கல்யாணமான புதிதில் அவன் முகம் அப்படி இருந்தது. நாலாம் ராத்திரியும் அதே அமைதி.

ஐந்தாம் ராத்திரி அடைப்பு திரும்பி வந்தது.

நாற்பது எண்ணித் தட்டி அவன் புரண்ட பிறகுதான் ஸ்வர்ணலதாவுக்கு வேறொன்று உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தனகோடியின் குறட்டை அந்தச் சுவரில் எப்போதும் இருக்கும், கடிகாரம் மாதிரி. இருக்கும்போது காதில் விழாது. யோசித்துப் பார்த்தாள். முதல் இரண்டு நாளும் இப்படித்தான் சுவர் அமைதியாக இருந்தது. இவன் அமைதியாக இருந்த மூன்றும் நாலும் சுவரில்தான் அடைத்து அடைத்து விட்டது. அந்த இரண்டு நாளும் புருஷன் மூக்கில் புறங்கை வைத்துக்கொண்டு அவள் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் ராத்திரி இவன் அடங்கினான், சுவர் திணறியது. எட்டாம் ராத்திரியும் அப்படியே. ஒன்பதில் இவன் திணறினான், சுவர் அடங்கியது.

இருட்டில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள். ஒரே சத்தம்தான். ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி கிழித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கு இரண்டு வியாதி இருப்பதாக அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இது ஒன்றுதான் என்று இப்போது தோன்றியது. அது ஒரு பக்கம் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய் இரண்டு நாள் உட்காருகிறது. சுவரில் காதை வைத்தாள். சுண்ணாம்பு குளிர்ந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் காதை எடுத்ததும் முதுகுக்குப் பின்னால் புருஷனின் மூச்சு நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கம் கெட்டு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அதில் பொய்யும் இல்லை.

பதினேழாம் நாள் காலையில் தறியில் சேலையின் அரக்குக் கலர் உடல் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கொடுத்தனுப்பிய பட்டில் பாதி ஒரு சாயத்தொட்டியிலும் பாதி வேறொரு தொட்டியிலும் தோய்ந்தது. கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுதான்; அடுத்தடுத்து நெய்தால் முழுச் சேலையின் குறுக்கே பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். தனசேகரன் வெளியே போகும்போது, "ரெண்டு நாடா போட்டு ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். நாடா என்பது குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை; இந்த நூலை ஒரு நாடாவிலும் அந்த நூலை இன்னொரு நாடாவிலும் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது. நாடா போன பக்கமே நிற்க முடியாது, திரும்பி வர வேண்டும். அதனால் இது இரண்டு, அது இரண்டு. அப்படி ஓட்டினால் குறை இருக்கும், ஆனால் எங்கே இருக்கிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இது இரண்டு, அது இரண்டு. இது இரண்டு. அவள் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

தனசேகரன் திரும்பி வந்தபோது அவள் தறிக்குழியிலிருந்து எழவில்லை. "மாத்திரைய மாத்திகினு கீறீங்களா, நீங்களும் மாமாவும்?" என்றாள்.

அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவன் நினைத்திருக்கவில்லை. "மொத நாளே பேசிகினோம். ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு டம்மின்னா இன்னா நாயம் அது? அண்ணன்தான் சொன்னாரு, ரெண்டு நாளு இது, ரெண்டு நாளு அது, சரிக்குச் சரி ஓடட்டும்னு."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டிச்சே."

"பிறருக்குக் குடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்தது. பிறர்னா ஊரான். எங்கண்ணன் எப்படிடீ பிறர் ஆவாரு?"

டப்பா இரண்டும் ஸ்வாமி மாடத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகர டின்னில்தான் இருந்தன. தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அவள் பாத்திரம் கழுவுகிற நேரம். டின்னைத் திறந்து, நாளைத் திரும்பி எண்ணிப் பார்த்தாள். புருஷன் அமைதியாகத் தூங்கிய நாட்களெல்லாம் 42. தனகோடியின் நம்பர். மருந்து அவருக்கு விழுந்தது. இரண்டு நாள் தூங்கிப் பார்த்து, இது மருந்து என்று தெரிந்த பிறகும், மூன்றாம் நாள் அதைத் தம்பி பக்கம் தள்ளியிருக்கிறார்.

"நாள் கணக்கு தப்பிடும் உங்களுக்கு. இனிமே நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றாள்.

அன்றிரவு இருவரும் வரிசையாக உட்கார்ந்து, சாமி தீர்த்தத்துக்குக் கை நீட்டுவது போல உள்ளங்கையை நீட்டினார்கள். "டாக்டரம்மா, எனக்கு ரெண்டா குடுங்கோ, வயசானவன்" என்றார் தனகோடி. தம்பி சிரித்தான். முறைப்படி அன்று மருந்து அண்ணனுக்கு. ஸ்வர்ணலதா அப்படியே கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. இரண்டு ராத்திரியும் பக்கத்தில் தனசேகரன் திணறினான்; ஒருமுறை அறுபத்தொன்றுவரை போனான். தட்டினாள், வரவில்லை. உலுக்கினாள், வரவில்லை. மார்பில் அறைந்தாள், வந்தது. உதடு கறுத்துப்போயிருந்தது.

அதற்கடுத்த இரண்டு ராத்திரி 42 தனசேகரனுக்கு. அது முறைப்படிதான். அதற்கும் அடுத்த ராத்திரிதான் அது நடந்தது. 42-ஐ எடுத்து அண்ணன் கையில் வைக்க வேண்டும். எடுத்தாள். இரண்டு உள்ளங்கையும் நீண்டிருந்தன. ஒன்றில் நாடா பிடித்துக் காய்ப்பேறிய தழும்பு கட்டைவிரலடியில். மற்றொன்றிலும் அதே இடத்தில் அதே தழும்பு. கை புருஷன் பக்கம் போயிற்று. ஒரு நாள்தானே, நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் கை மறுபடி அதே பக்கம் போயிற்று. பிறகு அதைப் பற்றி நினைக்காமலிருக்கப் பழகினாள்.

புருஷன் தூங்கினான். ஒவ்வொரு நாளும் தூங்கினான். முகம் தெளிந்தது. மருந்து உடம்பில் ஊறி இடைநாளிலும் வேலை செய்கிறது என்று நினைத்தான்; அண்ணனுக்கும் முறைப்படி இரண்டு நாள் போவதாகவே நம்பினான். சுவர் ஒவ்வொரு ராத்திரியும் திணறியது.

அவளால் தூங்க முடியவில்லை. பக்கத்தில் எண்ண ஒன்றுமில்லை, அதனால் சுவரை எண்ணினாள். ஐம்பது, அறுபது. அறுபதைத் தாண்டும்போது தன்னுடைய மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பாள். எழுபதில் அந்தப் பக்கம் கிழியும். அவளும் விடுவாள். தட்ட முடியாது. புருஷனின் அண்ணன். எதிரில் உட்கார்ந்துகூடப் பழக்கமில்லை. ராத்திரியில் போய் என்னவென்று தட்டுவது? பிறகு, தட்டினால் ஏன் முழித்திருந்தாய் என்று கேட்பார். ஏன் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்.

42 கை மாறிய ஆறாம் நாள் காலை அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது தனகோடி வந்து நின்றார். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது.

"ஒரு சொம்பு தண்ணி குடும்மா. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிகினு வரமாட்டேங்குது."

டம்மி மாத்திரைக்கு நாக்கு ஒட்டாது. ஸ்வர்ணலதா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொம்பைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சொம்பின் விளிம்புக்கு மேலாக அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாக இல்லை. குழந்தை ஒன்று எதையோ உடைத்துவிட்டு மறைத்திருப்பதைப் பார்த்தவர், தான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வது மாதிரி இருந்தது.

"நேத்து நல்லா தூங்கினேன்" என்றார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் தினமும் காலையில் தண்ணீர் கேட்டார். தம்பி இருக்கும்போது இன்னும் சத்தமாகக் கேட்டார்.

ஏழாம் ராத்திரி சுவரில் சத்தம் இல்லை. மாத்திரை கொடுத்த நேரத்தை அவள் திரும்ப நினைத்துப் பார்த்தாள், தவறிப்போய் 42-ஐ அங்கே கொடுத்துவிட்டோமா என்று. இல்லை. 42 இந்தப் பக்கம்தான் கரைந்திருந்தது. எட்டாம் ராத்திரியும் சத்தமில்லை. இரண்டு பக்கமும் அமைதி. இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு ராத்திரி இருந்ததில்லை. அடைப்பு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்றால் அது எங்கே இருக்கிறது? அந்த எண்ணம் வந்தபிறகு அவள் சுவரைப் பார்த்தபடி படுக்கவில்லை.

ஒன்பதாம் ராத்திரி, மணி இரண்டு இருக்கும். சுவரில் ஒரு குறட்டை எழுந்தது. ஒன்றே ஒன்று. பாதியில் நின்றது.

எண்ணினாள். நாற்பது. எழுபது. எண்பத்து நாலு. நூறு. நூற்றிருபதில் எழுந்து உட்கார்ந்து முஷ்டியால் சுவரைக் குத்தினாள். ஒன்றும் வரவில்லை. தனசேகரன் அசையவில்லை, அவ்வளவு நல்ல தூக்கம். அவள் தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தாள். சந்தில் தெருவிளக்கின் கீழ் ஒரு நாய் தலை தூக்கிப் பார்த்தது. தனகோடியின் கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருக்கவில்லை. சும்மா சாத்தியிருந்தது.

பாயில் ஆளில்லை. தலையணை மட்டும் இருந்தது.

அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு இல்லாமல். இரண்டு காலும் குழிக்குள், கை மடியில். தறியில் பாவு இல்லை, நீள நூல் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதமாக அது வெறும் சட்டம். மிதி மட்டும் ஏறி இறங்கியது, சத்தமில்லாமல், ஒரு கால், மறு கால்.

"வாம்மா" என்றார் திரும்பாமலே. "சேகர் தூங்கறானா?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் ஒரு நிமிஷம் கண்ணு செருகிட்டுது. அதத்தான் நீ கேட்டிருப்பே. உடனே முழிச்சிகினேன். மூணு நாளா படுக்கல."

"ஏன் மாமா?"

மிதி நின்றது. "கிருஷ்ணா செத்துப் போயி நாலு வருஷமா, ராத்திரி மூச்சு நிக்கறப்பல்லாம் என்ன யாரோ தோள்ல தட்டுவாங்க. இங்க, இந்தத் தோள்ல. முழிச்சிப்பேன். பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. அவதான்னு நெனைச்சிகினேன். யாருகிட்டயும் சொல்லல, சிரிப்பாங்க." அவர் அந்தத் தோளைத் தடவிக்கொண்டார். "ஒரு நாளு தட்டல. நானா எப்படியோ முழிச்சேன், கண்ணு ரெண்டும் பிதுங்கிகினு. மறுநாளும் தட்டல. அப்புறம் படுக்க பயமா கீது."

"மாமா, நான்..."

"தெரியும். வாய் காயல, அப்பவே தெரிஞ்சிட்டுது. ரெண்டு சாயத்த கண்ண மூடிகினு பிரிக்கறவன் நான்." சிரிக்கப் பார்த்தார். "நீ பண்ணதுல தப்பில்ல. அவன் இருக்கணும். எனக்கு இன்னா, தறியும் காலி, ஊடும் காலி. அவன்கிட்ட மட்டும் சொல்லாத. தெரிஞ்சா துப்பிடுவான் அந்த மாத்திரைய."

அவர் சொன்னதில் அவளை உலுக்கியது கடைசி வார்த்தைகள் அல்ல. தட்டுகிறவள் எந்த நாளிலிருந்து வரவில்லை என்று அவள் மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருந்தாள். அவள் கை பக்கம் மாறிய பிறகுதான். கிருஷ்ணம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் வெறுத்துப்போய்விட்டாள் என்று தோன்றியது. அப்படியெல்லாம் இருக்காது என்றும் தெரிந்தது. தெரிந்தும் அந்த அறையின் இருட்டைப் பார்க்க முடியவில்லை. விடியும்வரை அவள் வாசலில் நின்றாள், அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்குக் கனிமொழிக்கு போன் செய்தாள். பத்தரைக்கு கனிமொழி வந்துவிட்டாள். மூன்று பேரையும் முன்னால் வைத்துக்கொண்டு ஸ்வர்ணலதா எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு நாடா கதையையும், அதன் பிறகு தன் கை போன கதையையும்.

"பிறர்னா ஊரானா!" கனிமொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எத்தனை பேரு உக்காந்து எழுதின ஃபாரம் தெரியுமாண்ணா இது? சொந்த அண்ணன் பிறரான்னு ஒருத்தரும் கேக்கலியே! உங்க ரெண்டு பேரு ரெக்கார்டும் இப்ப குப்பை. மேல எழுதித்தான் ஆவணும். ரெண்டு பேரும் இதுலருந்து வெளிய."

"எதுல மருந்து கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஸ்வர்ணலதா. "அந்த டப்பாவ மட்டும் மாமாகிட்ட..."

"சொல்லாதீங்கக்கா!" கனிமொழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நம்பர சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாது." காதிலிருந்து கையை எடுக்காமலே டின்னை முழங்கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம் போனில் பேசினாள். வியாழக்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வேறு மாதிரி முகமூடி இருக்கிறது, சின்னது, அதைப் பழக்கிப் பார்ப்பார்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வேண்டும், தலைமாடு உயரமாக. அண்ணனைத் தனியாகத் தூங்கவிடவே கூடாது.

தனசேகரன் ஸ்வர்ணலதாவை ஒருமுறை பார்த்தான். அவள் சமைத்ததைச் சாப்பிட்டான். சாயங்காலம் போய் அண்ணனின் பாயையும் தலையணையையும் தானே சுருட்டிக் கொண்டுவந்து கூடத்தில் போட்டான்.

ராத்திரி இரண்டு பாய் விரித்து, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது. அங்கே ஸ்வர்ணலதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்று நாள் தூங்காத தனகோடி படுத்ததும் தூங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் அடைப்பு தொடங்கியது. சுவர் நடுவில் இல்லாமல் அதைக் கேட்பது வேறாக இருந்தது. தொண்டையில் எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று எல்லாம் தெரிந்தது. முப்பதிலேயே அவராகப் புரண்டார். மறுபடி முப்பத்தைந்தில். இந்தப் பக்கம் தனசேகரனின் குறட்டை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு மணி சுமாருக்கு அண்ணனின் மூச்சு நின்றது. அவள் எண்ணத் தொடங்கினாள். பத்து வரும்போது தம்பியின் மூச்சும் நின்றது.

இரண்டும் ஒன்றாக நின்று அவள் கேட்டதில்லை. கூடத்தில் அவ்வளவு அமைதி. சுவரில் பல்லி நகர்வது கேட்டது. இருபது, முப்பது. யாருக்கு எந்த எண் என்று குழம்பிற்று. அவருக்கு நாற்பது என்றால் இவனுக்கு முப்பது. கை பழக்கத்தில் இடது பக்கம், புருஷன் பக்கம் எழுந்தது. பத்தொன்பது வருஷம் அந்தப் பக்கம் போன கை. அதை அவள் அந்தரத்தில் நிறுத்தினாள். திரும்பி, இதுவரை தொட்டிராத அந்தத் தோளைப் பற்றி, பலங்கொண்ட மட்டும் உலுக்கினாள்.

"மாமா! மாமா!"

ஐம்பது. ஐம்பத்தைந்து. முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒன்றும் வரவில்லை. அவள் திரும்பவில்லை. அறுபத்து மூன்றில் தனகோடியின் மார்பு எழும்பி, அந்தக் கிழிசல் சத்தத்தோடு காற்று உள்ளே போயிற்று. அவர் கண்ணைத் திறக்காமலே, "கிருஷ்ணா" என்று முனகிவிட்டு ஒருக்களித்தார்.

ஸ்வர்ணலதா பாய்ந்து திரும்பினாள். தனசேகரனின் கண் இரண்டும் திறந்திருந்தன. இமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் இறுக்கி மூடியிருந்தது. அவள் அலறப் போன நேரத்தில் அவன் உதடு அசைந்தது.

"நான் தூங்கல. கை எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துகினு இருந்தேன்."

அவள் அவன் மார்பில் கையை வைத்தாள். "மொதல்ல மூச்ச உடுங்க" என்றாள்.

அவன் விட்டான். நீளமாக, எல்லாவற்றையும். பிறகு அவள் பக்கம் பார்த்து ஒருக்களித்து, தலையணையை மடித்து உயர்த்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே தூங்கிப்போனான்.

பிறகு அவன் மூச்சு நிஜமாகவே நின்றது. ஸ்வர்ணலதா ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.